தம்பிக்கு, நேரம் கிடைக்கேக்க வாசி

தம்பி,

நீ ட்ரக் ஓட்டத்தில இருப்பாய், அதான் கோல் எடுக்காம எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம். மழை விட்டிட்டுது, உப்புவெளிப் பக்கம் கடல் அடங்கி மீனும் கொஞ்சம் மலிவு. மருமகள் சொன்னவ நீ இப்ப பிளேன்டீக்குச் சீனி போடுறேல்லையாம். நல்லம். சின்னவளும் போனில கேட்டவள், அப்பம்மா, விரல்ல குத்தினா உங்களுக்கும் நோகுமோ எண்டு. நான் சிரிச்சுப்போட்டு விட்டிட்டன்.

அப்பான்ர கதையைச் சொல்லத்தான் எழுதுறன். சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலுக்குப் போனது, மனுசன் முழு விரதம், ஆனா காலம்பிற கிளிக்ளசைட் எண்ட சீனி வருத்த மாத்திரையை மட்டும் மறக்காமப் போட்டிட்டார், கோட்டைக்குள்ள மான் நிக்கிற இடத்துக்கு வரேக்க வேர்த்து வழியுது, கை நடுங்குது, நான் ஆரெண்டே தெரியாத மாதிரி ஒரு பார்வை. கடைக்காரப் பெடியன் ஓடிவந்து நெக்டோ எண்ட இனிப்புச் சோடாப் போத்திலைத் திறந்து குடிக்கக் குடுத்தான். கொஞ்சத்தால எழும்பி, எனக்கென்ன, ஒண்டுமில்ல எண்டு என்னோடயே ஏறி விழுறார். அவரை உனக்குத் தெரியுந்தானே. நீயும் வேற ஆளில்ல.

ஏன் அப்பிடி வந்தது எண்டு நீ விளங்கோணும். ஏஎல் வகுப்பில நான் இதைப் பலகையில கீறேக்க நீ கடைசி வாங்கில நித்திரை, பிறகு எப்பிடித்தான் ஏ எடுத்தாயோ தெரியாது. கணையத்துக்குள்ள சின்னச் சின்னத் தீவுகள் இருக்கு, 1869இல லங்கர்ஹான்ஸ் கண்டது, அப்ப அவர் படிச்சு முடிக்காத மெடிக்கல் ஸ்டூடன்ட். அந்தத் தீவிலதான் பீற்றா கலம், ரத்தத்தில சீனியை இறக்கிற இன்சுலினைச் சுரக்கிறது அதுதான். சாப்பிட்டாப் பிறகு ரத்தத்தில ஏறுற குளுக்கோஸ் அந்தக் கலத்துக்குள்ள போய் எரியும், ஏடிபி எண்ட சக்திப் பொருள் கூடும், ஏடிபி கூடினா கலத்தைச் சுத்தியிருக்கிற மென்சவ்வில இருக்கிற பொற்றாசியம் வாசல் மூடும், அது மூடினா மின்னழுத்தம் மாறி கல்சியம் வாசல் திறக்கும், கல்சியம் உள்ளுக்க பாஞ்ச உடன இன்சுலின் பொதிகள் வெளியில கொட்டும். ஜெட்டியில மூக்கை முட்டிக்கொண்டு நிக்கிற வள்ளங்கள் மாதிரி கொஞ்சப் பொதி மென்சவ்வோட ஒட்டி ஆயத்தமா நிக்கும், முதல்ல போறது அதுகள்தான். சீனி வருத்தம் வரப்போற ஆளுக்கு அந்த முதல் பாய்ச்சல்தான் முதல்ல கெடுறது, ஆளுக்கு ஒண்டும் தெரியாது. டெஸ்ட்டில பிடிபடேக்க கலத்தின்ர வேலை பாதிக்குக் கிட்டப் போயிருக்கும்.

இனித்தான் விசயம். கிளிக்ளசைட் நேர போய் அந்தப் பொற்றாசியம் வாசலை மூடும். ரத்தத்தில சீனி இருக்கோ இல்லையோ அதுக்குக் கவலையில்ல, கலமும் சாப்பாடு வந்திட்டுது எண்டு நம்பி இன்சுலினைக் கொட்டும். சாப்பிடாதவன் விழாம என்ன செய்வான்? கிளிபென்கிளமைட் எண்டு பழைய மாத்திரை, அது இதைவிட மோசம். மெட்போமின் அப்பிடியில்ல, அது ஈரல் சீனி விடுறதைக் குறைக்கும், தனியப் போட்டா இப்பிடி விழுத்துறது குறைவு. குடலில இருந்து வாற ஜிஎல்பி-1 எண்ட ஹோர்மோன் வேற வழியால, சைக்ளிக் ஏஎம்பி எண்டு கலத்துக்குள்ள செய்தி கடத்துற பொருளைக் கூட்டித்தான் பீற்றா கலத்தை உசுப்பும், அதுவும் சீனி கூடின நேரத்திலதான். சிற்றாகிளிப்டின் அந்த வழியால போற மாத்திரை. எல்லாத்தையும் சீனிக் குளிசை எண்டு ஒரே பேரில சொல்லிப்போட்டுப் போடுறது மடத்தனம்.

அப்பா வீட்டில இருக்கிற மனுசன், விழுந்தா நான் பிடிப்பன். மோட்டச்சைக்கிள் திறப்பையும் எடுத்து ஒளிச்சு வச்சிட்டன், இப்ப என்னோட கதையில்ல. றோட்டில ஓடுற ஆக்களை நினைச்சாத்தான் எனக்குப் பயம், அதுவும் இரவில, அவ்வளவு பெரிய ட்ரக்கோட. ஒரு கோப்பியோட மொன்றியல் மட்டும் ஓடினனான் எண்டு நீ பெருமையாச் சொன்னனீ, அண்டைக்கு அப்பா உன்ர ட்ரக் படத்தை மீன் சந்தையில எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிஞ்சவர், எனக்கும் சந்தோசந்தான், இல்லையெண்டில்ல. ஆனா கோப்பி சாப்பாடில்லத் தம்பி. சாப்பிட்டு ஓடு. பாணும் முட்டையுமாவது கட்டிக்கொண்டு போ.

உங்கட பக்கத்துச் சீனி பாக்கிற மெசினில 4 எண்டு காட்டினா எங்கட கணக்குக்கு 72, 18ஆல பெருக்கோணும். 4க்குக் கீழ எண்டா ஸ்ரியறிங்கைத் தொடவே கூடாது, மூண்டு தேக்கரண்டி சீனி தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டு கால் மணித்தியாலத்தால திரும்பக் குத்திப் பாக்கோணும். சொக்லேட் சரிவராது, கொழுப்பால மெல்லத்தான் ஏறும். இதெல்லாம் அப்பாவுக்குத்தான் சொல்லிக்கொண்டு திரியுறன், கேட்டாத்தானே.

மெலிஞ்ச ஆளுக்குச் சீனி வருத்தம் வராது எண்டு நினைக்கிறதும் பிழை. எங்கட சனத்துக்கு வயித்தில கொஞ்சம் கொழுப்பு விழுந்தாலே காணும், நாப்பது ஆக முந்தியே வருது. வந்தா ஒளிக்க என்ன கிடக்கு? நீ இருக்கிற ரொறன்ரோவிலதான் 1921இல பன்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைப் பிரிச்செடுத்தவை, அடுத்த வருசம் தை மாசம் 14 வயசுப் பெடியன் ஒருத்தனுக்கு அங்கதான் முதல்முதல் ஏத்தினது. அதுக்கு முதல் இந்த வருத்தம் வந்த பிள்ளையளைப் பட்டினி போட்டுத்தான் வச்சிருந்தவை.

உனக்குக் கருவாடு கட்டி வச்சிருக்கிறன், பெரியம்மான்ர மகள் வரேக்க குடுத்து விடுறன். சாப்பிட்டு ஓடு. திரும்பத் திரும்பச் சொல்லுறாவே எண்டு எரிஞ்சு விழாத.

அங்க டொக்டர்மார் இப்ப எந்த மாத்திரை எழுதினம் எண்டு கேட்டுச் சொல்லு. பேரை மட்டும் சொல்லாத, எத்தினை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ எல்லாம் போட்டு அனுப்பு, அட்டையைப் போட்டோ எடுத்து விட்டா இன்னும் நல்லம். அப்பாவுக்குத்தான்.

அம்மா