டெண்டரில் பொருளின் பெயரை எழுதுங்கள்

கடலூர் கடற்கரைக் குடியிருப்புகளின் பழுதுபார்ப்புப் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கு எங்கள் மனுக்களே தங்கள் கோப்புகளில் சாட்சி. அதனால் பழைய கதைக்குள் போகவில்லை. போன மழைக்கு முன் ஒப்பந்ததாரர் பூசிக் கொடுத்த கூரைத் தளம் சென்ற வாரம் எங்கள் தெருவில் மறுபடியும் பெயர்ந்து விழுந்தது. பூசிய இடம் அப்படியே நிற்கிறது. அதை ஒட்டிய இடம்தான் விழுந்தது. இந்த வித்தியாசத்தைத் தங்கள் பொறியாளர்கள் கவனிக்க வேண்டும்.

விழுந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தளம் வார்க்கும்போதே தூளிக்காக வைத்த கொக்கி எல்லா வீடுகளிலும் உண்டு. இன்று எங்கள் தெருவில் எந்தத் தாயும் அதில் தூளி கட்டுவதில்லை. வாசலில் சவுக்குக் கழிகளை நட்டுக் கட்டுகிறார்கள். மழை வந்தால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றபடியே தூங்க வைக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வருவதா வேண்டாமா என்று பெற்றவர்கள் யோசிக்கிறார்கள். இதை எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுவது?

நான் கம்பி கட்டும் தொழிலில் இருந்தவன். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். உப்புக்காற்றில் வரும் குளோரைடு உள்ளே ஊறி அதைத் துளைத்துவிடுகிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும் என்பதால் கான்கிரீட் பிளக்கிறது. பெயர்ந்த இடத்தில் மட்டும் புதுக் கலவையைப் பூசினால் அங்குள்ள கம்பி தப்பிக்கும். உப்பு ஊறிய பக்கத்துக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கும். ஒட்டு நிற்பதும் ஓரம் விழுவதும் இதனால்தான். உப்பு ஏறிய பகுதியைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, ஒட்டின் ஓரத்தில் துத்தநாகத் துண்டுகளைக் கம்பியோடு பிணைத்தால் இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும். இரும்புப் படகுகளின் அடியில் பொருத்துகிறார்களே, அதே முறைதான். ஆகவே கேட்கிறேன்: டெண்டரில் பொருளின் பெயரை எழுதுங்கள். ‘பழுது நீக்கிப் பூசுதல்’ என்பது எந்தப் பொருளின் பெயரும் அல்ல.

கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்து எவ்வளவோ காலமாகிறது. அந்தக் கண்ணாடி இழை கடலிலேயே கிடந்தும் துருப்பிடிப்பதில்லை. அதே இழையைப் பிசினில் தோய்த்துச் செய்த கம்பிகளுக்கு 2023இல் இந்தியத் தர நிர்ணயமே வந்துவிட்டது. எடை எஃகில் ஏறத்தாழ கால் பங்கு. குறையும் உண்டு: வேலையிடத்தில் வளைக்க முடியாது, தீயில் இளகும், எஃகைப் போல் விறைப்பாக நிற்காது. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். ஆனால் படகுக்கு வந்த அறிவு வீட்டுக்கு வர இத்தனை தாமதமா?

எந்தப் புதுப் பொருளும் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், இல்லாமல் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடற்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர் வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 சொல்கிறது. விழுந்த இடத்தில் கட்டைவிரல் பருமன்கூட இல்லை. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் கிடைத்தன. மகிழ்ச்சி, ரயில் பத்திரமாகப் போகட்டும். ஓர் அணு கனமே உள்ள கார்பன் தகடான கிராபீன் பற்றிய ஆய்வுக்கு 2010இல் நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது. ‘நானோ’ என்ற சொல் இல்லாத கல்லூரிக் கருத்தரங்கப் பேனரைப் பார்ப்பதே அரிது. எங்கள் தளத்துக்கு மட்டும் சிமென்ட் பாலும் வெள்ளையடிப்பும். ஒருவேளை, மேலே பார்க்காமல் வாழப் பழகுவதுதான் எங்களுக்கான நவீனத் தொழில்நுட்பமோ என்னவோ!

கோபத்தில் எழுதிய சொற்களைப் பொறுத்தருளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அடுத்த டெண்டர் வரும் என்று அறிகிறோம். அதற்குள் தளங்களைத் துளையிட்டுத் தூள் எடுத்துக் குளோரைடு அளவைச் சோதிக்க வேண்டுகிறோம். துரு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. சோதனை முடிவைப் பார்த்து எந்தக் கம்பி, எந்தக் கலவை, எவ்வளவு கவர், எத்தனை துத்தநாகத் துண்டு என்று டெண்டரில் பொருளின் பெயரையும் அளவையும் எழுதுங்கள். அதன் தமிழ் நகல் ஒன்றை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அனுப்பி வைத்தால், வேலை நடக்கும்போது நாங்களே அளந்து பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கடலூர் கடற்கரைக் குடியிருப்பில் வசிக்கும் கம்பி கட்டும் தொழிலாளி