எட்டாம் நம்பர் பந்தும் முள் மீட்டரும்

கோவில்பட்டி
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய கொரியா தைலம்தான் காரணம் என்று அவள் சொல்கிறாள், மழை விட்டதுதான் காரணம் என்று நான் சொல்கிறேன்.

நேற்று போனில் "படம் பாத்தீங்களாப்பா?" என்று கேட்டாய். "பாத்தேன், நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் போனில் பேச வராது. ஐந்தாவது நிமிஷம் "சரி, வச்சிரவா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். முழுக்கப் படிக்கிற அளவுக்கு அவனுக்குப் பொறுமை கிடையாது, அதுவும் நல்லதுக்குத்தான்.

நீ அனுப்பிய கொரியப் படத்தின் ‘டூம்ஸ்டே புக்’ என்ற பெயரைக் கேட்டதும் பேய்ப்படம் என்று நினைத்தேன். கொரிய மொழியில் அதற்கு ‘மனிதகுல அழிவு அறிக்கை’ என்று அர்த்தம் என்று தம்பி பார்த்துச் சொன்னான். தாலுகா ஆபீஸில் மூன்று காப்பி எடுத்து சீல் குத்திக் கொடுக்கிற சமாச்சாரம் போல இருக்கிறதே என்றேன். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். பத்து நிமிஷத்தில் நாங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டு அரிவாள்மனையும் கையுமாகத் திரும்பி வந்தவள், கடைசிவரை அசையவில்லை. கத்தரிக்காய் பாதி நறுக்கியபடியே கிடந்தது.

மூன்று கதை, இரண்டு டைரக்டர்கள். முதலும் மூன்றும் இம் பில்-சங் எடுத்தது, நடுவில் உள்ளது கிம் ஜி-ஊன். முதல் கதையைப் பார்க்கும்போது உன் ஞாபகம்தான் வந்தது. கொரியாவில் சுவோனுக்குப் போன புதிதில், சோறு வடித்த மிச்சத்தைக் கொட்டுவதற்கும் காசு கேட்கிறார்கள் என்று புலம்பினாயே, அதே குப்பைதான் அந்தக் கதை. கார்டைக் காட்டினால் தொட்டி வாய் திறக்கும், போட்டதை நிறுத்துப் பார்த்து அதற்குத் தகுந்த காசு எடுக்கும் என்றாய். சாப்பாட்டுக் கழிவை அப்படியே மண்ணில் புதைக்கக் கூடாது என்று 2005இல் சட்டம் வந்ததையும், 2013இல் அளவுக்குத் தகுந்த கட்டணம் நாடு முழுக்க வந்ததையும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதையில் வீட்டார் எல்லாரும் வெளிநாடு சுற்றப் போய்விடுகிறார்கள். வீட்டைக் கழுவச் சொல்லி ஒரு பையனை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் அழுகிப்போன ஆப்பிள் ஒன்றைக் கழிவோடு கொட்டுகிறான். அந்தக் கழிவு மாட்டுத் தீவனமாகிறது, மாடு இறைச்சியாகிறது. அவன் முதல் தடவையாக ஒரு பெண்ணைச் சந்திக்கப் போகிற இடத்தில் அதே இறைச்சி சுடச்சுட அவன் தட்டுக்கே வருகிறது. நம்ம ஊர் பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை. அப்புறம் ஊரே பிணமாக நடக்கிறது.

அந்த முதல் கதைக்குள்ளேயே ஒரு டிவி விவாதம் வருகிறது. ஊர் அழிந்துகொண்டிருக்கும்போது கோட் போட்டவர்கள் உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒருவர் ‘பாரசைட்’ எடுத்த போங் ஜூன்-ஹோவாம், தம்பி நிறுத்திக் காட்டினான். அமெரிக்க மாட்டிறைச்சியில் நோய் இருக்கும் என்று பயந்து 2008இல் சியோலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று நீ சொன்னது அங்கே ஞாபகம் வந்தது. பயந்துபோயிருக்கிற ஜனங்களுக்குத்தான் இந்தச் சிரிப்பு நன்றாகப் புரிந்திருக்கும். எனக்கு முக்கால்வாசிதான் புரிந்தது. கொஞ்சம் இழுவை என்றும் சொல்லுவேன்.

போன தீபாவளிக்கு வந்தபோது நீ மொட்டைமாடியில் சொன்ன தொக்கெபி கதை நினைவிருக்கிறதா? சந்தைக்குப் போய்க் குடித்துவிட்டு ராத்திரி தனியாக வருகிறவனை வழிமறித்து மல்லுக்கு வா என்று கூப்பிடும் பூதம். விடியவிடியக் கட்டிப் புரண்டு, கடைசியில் அதை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குகிறான். காலையில் போய்ப் பார்த்தால் மரத்தில் ஒரு பழைய துடைப்பம் கட்டியிருக்கிறது. அம்மா அன்று சிரித்த சிரிப்பு! ராத்திரியில் தூரத்தில் தெரிகிற தீயை அங்கே ‘தொக்கெபி நெருப்பு’ என்பார்கள் என்று நீ சொன்னதும், அது நம்ம கொள்ளிவாய்ப் பிசாசுதான் என்று ஆச்சி ஒரே போடாகப் போட்டாள்.

படம் முழுக்க எனக்கு அந்தத் துடைப்பம்தான் தெரிந்தது. செத்தவர்கள் ஆவியாக வருவதெல்லாம் இதில் இல்லை. வீட்டில் கிடக்கிற சாமான்தான் எழுந்து வருகிறது. முதலில் குப்பையில் போட்ட ஆப்பிள், அடுத்தது வேலைக்கு வைத்த மெஷின், கடைசியில் விளையாட்டுப் பந்து.

நடுக்கதையை நான் இரண்டு தடவை பார்த்தேன். மலைக்கோயில், பிக்குகள், அவர்களோடு ஒரு ரோபோ. வந்தவர்களுக்கு வழிகாட்ட வாங்கி வைத்த ஆர்யு-4. அது தியானத்தில் உட்கார்ந்து, உபதேசம் சொல்லி, ஞானம் அடைந்துவிட்டது என்று பிக்குகளே கும்பிடுகிறார்கள். இன்-மியங் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பார்க் சோங்-ஹ்வான் என்பவர் எழுதிய சிறுகதைதான் இதற்கு மூலமாம். கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக் வருகிறான், இதற்கு என்ன ஃபால்ட் என்று பார்த்துச் சொல்ல.

முப்பத்தாறு வருஷம் டிவி, ரேடியோ, மிக்ஸி திறந்து மூடின எனக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்த்ததும் பாவமாகப் போய்விட்டது. எங்கள் தொழிலில் ரொம்பக் கஷ்டமான செட் எது தெரியுமா? எரிந்துபோன செட் இல்லை. எரிந்தது கண்ணுக்குத் தெரியும், கழற்றி வேறு போட்டுவிடலாம். வீட்டில் படம் வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கடையில் போட்டால் பளிச்சென்று வரும். திரும்ப வீட்டுக்குப் போனால் வராது. ஈயம் விட்டிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போம், கன்டென்சரைத் தொட்டுப் பார்ப்போம், ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஃபால்ட் இல்லை என்று சொன்னால் திறமை இல்லை என்பார், இருக்கிறது என்று சொன்னால் அது பொய். அந்தப் பையன் நிலைமை இன்னும் மோசம். மெஷின் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால் பழுது. செய்ய வேண்டியதைவிட அதிகமாகச் செய்தால் அதற்கு எந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது? கம்பெனி முதலாளிக்கு அந்தக் குழப்பமே கிடையாது. அதிகமாகச் செய்வதுதான் ஆபத்து, உடைத்துவிடு என்கிறான். கடைசியில் அந்த ரோபோ, நீங்கள் எல்லாரும் பிறக்கும்போதே ஞானத்தோடு பிறந்தவர்கள்தான், மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான் என்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தானாகவே அடங்கிவிடுகிறது. யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை.

(ஹோட்டல் சுவரில் தாடியும் உருட்டுக் கண்ணுமாக இருந்த சாமியார் படத்தை அனுப்பி, "தால்மா, நம்ம ஊர்க்காரர்னு சொல்றாங்கப்பா" என்று எழுதியிருந்தாயே, அந்தப் போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்பது செவிவழிக் கதைதான். ஆனாலும் அந்தக் கோயிலைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர்ப் பெருமை வந்தது உண்மை.)

இப்போது மூன்றாவது கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பா பில்லியர்ட்ஸ் பைத்தியம். அவருடைய எட்டாம் நம்பர் பந்தைச் சின்னப் பெண் மின்-சோ பாழாக்கிவிடுகிறாள். சொன்னால் திட்டு விழும். யாருக்கும் தெரியாமல் இன்டர்நெட்டில் என்னவோ ஒரு விசித்திரமான கடையில் புதுப் பந்துக்கு ஆர்டர் போடுகிறாள். இரண்டு வருஷம் கழித்து வானத்திலிருந்து ஒரு பெரிய கல் பூமியை நோக்கி வருகிறது. கிட்டே வரவர கறுப்பாக, உருண்டையாக, நடுவில் வெள்ளை வட்டத்தில் எட்டு! டெலிவரி. டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் பயத்தில் தங்கள் கள்ளத்தனத்தையெல்லாம் கேமரா முன்னாலேயே கொட்டுகிறார்கள், வீட்டுக்காரர்கள் நிலவறைக்குள் சாமான் அடுக்குகிறார்கள். தம்பி சோபாவிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போய்விட்டேன்.

இந்தப் படத்தை 2006இல் ஆரம்பித்து, பணம் இல்லாமல் பாதியில் நின்று, அப்புறம் முடித்து 2012இல் வெளியிட்டார்களாம். 2006இல் நீ ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். அந்த ஐப்பசியில் ஒரு நாள் நான் ஒரு செட்டை டெலிவரி கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நீ என்றும் இல்லாத அமைதியாகக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாய். கடையில் ரெசிஸ்டன்ஸ் கருகின வாசனை. மழைக்குக் கதவைச் சாத்தியிருந்ததால் வாசனை போகவில்லை.

வோல்ட்டும் ரெசிஸ்டன்ஸும் அளக்கிற என் முள் மீட்டர் உறைக்குள் போட்டு ஆணியில் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தது. ஆனால் வேலை முடிந்தால் நான் எப்போதும் அதன் திருகை ஆயிரம் வோல்ட் ஏசியில்தான் வைப்பேன், தொழில் கற்றுக்கொடுத்தவர் வைத்த பழக்கம் அது. அன்று ரெசிஸ்டன்ஸ் அளக்கிற ஓம்ஸில் நின்றது, அதில் வைத்துக் கரன்டைத் தொட்டால் மீட்டர் கருகிவிடும். சிவப்பு வயரின் நுனி கருத்திருந்தது. முள் ஒரு பக்கமாக வளைந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் வைத்து ப்ளக்கில் குத்தியிருக்கிறாய். அப்பா செய்வதுபோலவே.

அன்று ராத்திரி நீ தூங்கின பிறகு டார்ச் அடித்து உன் விரலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு காயமும் இல்லை. மறுநாள் அந்த ப்ளக்கைக் கழற்றி ஆள் உயரத்துக்கு மேலே மாற்றினேன். ஏன் என்று கேட்டாய். கரையான் என்றேன்.

நீயாகச் சொல்லுவாய் என்று இருந்தேன். முதல் நாள் சொல்லவில்லை, ஒரு வாரம் ஆகியும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் கடைப்பையன் ஒரு பிக்சர் டியூபைக் கீழே போட்டு உடைத்தான். நான் கத்தின கத்து மார்க்கெட் முக்கு வரைக்கும் கேட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அப்போது நீ பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய். அது எனக்கு உறைக்கப் பத்து நாள் ஆனது. அதற்குள் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் போய்விட்டது.

அப்புறம் கல்லாவில் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. குறைந்தால் கண்டுபிடிக்கலாம். கூடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் இரண்டு ரூபாய், ஒரு நாள் ஐந்து, பொங்கல் முடிந்து ஆச்சி கொடுத்த பத்து ரூபாய் நோட்டு. அந்த நோட்டை நீ நாலாக மடித்துக் காம்பஸ் பாக்ஸில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், மடிப்பு அப்படியே இருந்தது. அந்த வருஷம் மொத்தம் எழுபத்து மூன்று ரூபாய் கூடியது.

இரண்டு தடவை பார்த்தும் அந்த ரோபோவுக்கு என்ன ஃபால்ட் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கல்லாவை வைத்துக்கொண்டும் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

படத்தின் கடைசியில் மின்-சோ பெரியவளாகி வருவாள், பே டூ-னா. நீ இந்தப் படத்தை எனக்குச் சும்மா சிரிக்க அனுப்பினாயா, இல்லை வேறு எதற்குமா என்று தெரியவில்லை. வேறு எதற்கும் இல்லை என்றாலும் பரவாயில்லை, நான் சொல்லிவிட்டேன்.

மீட்டர் இன்னும் அதே உறையில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் டிஜிட்டல் மீட்டர் வாங்கிவிட்டேன், பழையதில் காயில் சுருள் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். உறையின் உள் பையில் எழுபத்து மூன்று ரூபாயும் இருக்கிறது. இரண்டு ரூபாய்க் காசெல்லாம் கொஞ்சம் பச்சை பூத்திருக்கிறது. அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, போனில் உளறிவிடாதே.

வருகிற வாரம் பார்சல் அனுப்புகிறோம். பருப்புப்பொடி, சீவல், கடலைமிட்டாய் இரண்டு கிலோ. லேபில் இருப்பவர்களுக்குக் கொடுத்தது போக உனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

அன்புடன்
அப்பா