படிவத்தில் அந்த ஒரு கேள்வி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கணக்கெடுப்புப் படிவத்தைப் படித்தேன். 'கல்வி' என்ற இடத்தில் 'எழுத்தறிவற்றவர்' என்று போட்டிருக்கிறாய். உன் பெரியம்மா அதில்தான் வருவாள், அது சரிதான். ஆனால் அடுத்த பக்கத்தில் 'கடல்சூழல் பற்றிய அறிவு: உண்டு / இல்லை' என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

பெரியம்மா கடல்பாசி எடுக்க முங்கும்போது பக்கத்தில் இருந்து பார். விரல்களில் துணி சுற்றியிருப்பாள், காலில் தகடு கட்டியிருப்பாள். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மரிக்கொழுந்துப் பாசி வேறு, கஞ்சிப்பாசி வேறு என்று விரலே பிரித்துவிடும். பிய்க்கும்போது அடி கல்லிலேயே நிற்கும், மறுபடி தழைக்க. ஏன் அப்படி என்று கேட்டால் "அப்படித்தான் எடுக்க வேண்டும்" என்பாள். நீ 'இல்லை' என்று குறித்துக்கொள்வாய். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று இங்கே பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்களே, அது அறிவில்லாமலா?

நமக்கு எல்லாம் தெரியும் என்றும் சொல்ல மாட்டேன். பவளப்பாறையை இந்தக் கரையில் வெறும் கல்லாகத்தான் பார்த்தார்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் முழுகியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கல்லுக்கு உயிர் உண்டென்று படித்தவர்கள் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது.

படித்தவர்கள் கண்ணுக்குத் தப்பியதும் உண்டு. வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே வளர்த்த கப்பாபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்துவிட்டது என்று 2008-இல் ஆய்விதழில் வந்தது. தெரியாது என்று தெரிந்தவர் நாலு பேரைக் கேட்பார். தெரியும் என்று நினைப்பவர் கேட்பதே இல்லை. நீ அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் எனக்குக் கவலை.

2016-இல் பவளம் வெளுத்தபோது, கல்லுக்கு வெள்ளையடித்ததுபோல் இருக்கிறது என்று பெரியம்மா வந்து சொன்னாள். கடல் சூடேறினால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடும் என்று நீ எனக்கு விளக்கினாய். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நீ சொல். முன்பு எங்கெங்கே பாசி கிடந்தது, எங்கே அற்றுப்போனது என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொள். அந்தக் கேள்வி உன் படிவத்தில் இல்லை.

தடைக்காலம் முடிந்து பெண்கள் இறங்கும்போது வா. முதல் நாள் படிவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு அவர்களோடு வள்ளத்தில் போ. பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா
சின்னப்பாலம், பாம்பன்