குரல் ஒன்றுதான், பாட்டு இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தொண்ணூறுகளின் நடனப் பாடல்கள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஒரு பத்தி மட்டும் இரண்டு நாளாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ராபின் எஸ் என்ற அமெரிக்கப் பாடகி 'ஷோ மீ லவ்' என்ற தன் முதல் பாட்டிலேயே உலகப் புகழ் அடைந்தார் என்று ஒரு வரி. அடுத்த வரியில், ரீமிக்ஸ் என்றாலே நல்ல பாட்டைக் கெடுக்கும் வேலை என்று ஒரு தீர்ப்பு. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? உலகம் கொண்டாடிய 'ஷோ மீ லவ்' ஒரு ரீமிக்ஸ்தானே!

பாட்டை எழுதியவர்கள் ஆலன் ஜார்ஜ், ஃப்ரெட் மெக்ஃபார்லேன் என்ற இருவர். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த ராபின் பாட, 1990இல் பிரிட்டனின் சாம்பியன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. எடுபடவில்லை. பிறகு ஸ்டோன்பிரிட்ஜ் என்ற ஸ்வீடன் நாட்டு டிஜே கைக்கு அந்தப் பாட்டு போனது. அவர் ராபினின் குரலை வைத்துக்கொண்டு அடியிலிருந்த இசையை மாற்றிப் போட்டார். 1993இல் அந்த ரீமிக்ஸ் பிரிட்டனின் பாட்டு விற்பனைப் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. அமெரிக்காவின் முக்கியமான பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் 5ஆம் இடம், கிளப் பட்டியலில் முதலிடம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எங்களிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கோர்க் எம்1 கீபோர்டு ஒன்று இருந்தது. 1988இல் சந்தைக்கு வந்த கருவி, 61 கட்டை. கச்சேரி இல்லாத ஒரு மதியம் அதிலிருந்த டோன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 17ஐ அழுத்தியதும் அந்தச் சின்னத் திரையில் 'ஆர்கன் 2' என்று வந்தது. கீழ்க் கட்டைகளில் இடது கையை வைத்தேன். ஒலி இழுபடவே இல்லை. மரத்தைச் சுண்டினாற்போல 'டொக்' என்று தெறித்து அங்கேயே நின்றது. மூலையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் ரிதம் பேட் அண்ணன் தலையைத் தூக்கி, "டேய், இது அந்த இங்கிலீஷ் பாட்டுதானே?" என்றார். பாட்டின் பெயர் அவருக்குத் தெரியாது, பாடியவர் யாரென்றும் தெரியாது. நாலு சுரம் போதுமானதாக இருந்தது. ஆர்கன் என்று பெயர் போட்ட டோனை பேஸாக, அதாவது பாட்டைத் தாங்கும் கீழ்ச்சுர ஒலியாக, வாசிக்கலாம் என்று ஸ்டோன்பிரிட்ஜ் பிடித்தாரே, அதுதான் அந்த ரீமிக்ஸின் உயிர். அதற்கப்புறம் எத்தனையோ ஹவுஸ் வகை கிளப் நடனப் பாடல்களில் அதே டோன் கேட்கிறது.

நம் ஊரில் ரீமிக்ஸ் என்றால், அம்மா அப்பா காலத்துப் பாட்டை எடுத்து, வேறொருவரைப் பாடவைத்து, நடுவில் நாலு வரி ராப் சேர்த்து, புதுப் படத்தில் வைப்பது. அதன் மேல் கட்டுரையாளருக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. கிளப் ரீமிக்ஸ் வேறு சாதி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் பாட்டு வெளியாகும்போதே, அதே பாடகியின் அதே குரலை வைத்து, அதே 12 அங்குல இசைத்தட்டில் இரண்டு மூன்று விதமாகச் செய்து கொடுப்பார்கள். ஆரம்பத்தில் வெறும் தாளம் மட்டும் நீளமாக ஓடும். முந்தைய பாட்டின் வேகத்தோடு இதைக் கோக்க டிஜேக்கு அந்த இடம் வேண்டும். முடிவிலும் அப்படியே. ஆடுகிறவர்கள் கால் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ரேடியோவுக்குத் தனியாக வெட்டிச் சுருக்கிய ஒன்று இருக்கும்.

எல்லாப் பெருமையும் டிஜேக்குத்தான் என்று சொல்ல வரவில்லை. ராபின் அந்தப் பாட்டில் காதலைக் கெஞ்சிக் கேட்கவில்லை, இருந்தால் காட்டு என்று அதட்டிக் கேட்கிறார். மெலிந்த குரலாக இருந்திருந்தால் அந்த பேஸ் அதை விழுங்கியிருக்கும். 1990இல் கவனிக்காமல் விட்ட குரலுக்கு, நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்தது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

பெயர் விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். 2022இல் அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'பிரேக் மை சோல்' வந்தபோது கேட்டவர்கள் உடனே 'ஷோ மீ லவ்' என்றார்கள். பியான்சேயின் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஜார்ஜ், மெக்ஃபார்லேன் பெயர்கள் வந்தன, அது நியாயம். ஆனால் ஸ்டோன்பிரிட்ஜ் அந்தப் பட்டியலில் இல்லை. ரீமிக்ஸ் செய்பவருக்குப் பொதுவாக ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள், பாட்டின் உரிமையில் பங்கு வராது. மேடையில் முப்பது வருடமாக மற்றவர்கள் போட்ட பிஜிஎம்மை வாசித்துக் கைதட்டல் வாங்குகிறவன் நான். யார் போட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அடுத்த பகுதியிலிருந்து, பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் எந்த மிக்ஸ், யார் செய்தது, எந்த ஆண்டு என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இந்தப் பாட்டுக்கு மட்டும் 1990 பதிவையும் 1993இல் வென்ற பதிவையும் அடுத்தடுத்து கேட்கச் சொல்லி வாசகர்களுக்கு ஒரு குறிப்பு கொடுத்தால் இன்னும் நல்லது. ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் சரியாகக் கேட்காது.

அன்புடன்,
ஒரு கீபோர்டு கலைஞன்,
திண்டுக்கல்