கழற்றி மாட்டிய ஸ்கோப்பை அப்படியே நம்பாதீர்கள்: ஏர் ரைஃபிள் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஏர் ரைஃபிள் பயிற்சி நிலையம் நடத்துவோருக்கும் அங்கே சொல்லித்தரும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

சாயங்காலம் அலமாரியில் இடம் போதவில்லை என்று ரைஃபிளின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) கழற்றி வைக்கிறீர்கள். மறுநாள் அதை மாட்டிக் கொடுத்து, பிள்ளைகளை நேராக மதிப்பெண் அட்டையில் சுடச் சொல்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கழற்றியே ஆகவேண்டும் என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் விதிப்படி ஸ்கோப் கிடையாது, பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் சைட்) மட்டும்தான். அதைக் கழற்றி மாட்டினால் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. இடைவெளி இருந்தால், பின் சைட் 0.1 மி.மீ. தூக்கிக்கொண்டாலும் 10 மீட்டரில் பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) 1.25 மி.மீ.தான் விலகும். ஸ்கோப்பின் கணக்கே வேறு. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு ரிங்குக்கும் நடுவே இருப்பது 10 செ.மீ. அளவுதான். ஒரு ரிங்கின் அடியில் அதே 0.1 மி.மீ. அழுக்கு சிக்கினால் ஸ்கோப் முழுவதும் சாய்ந்து, 10 மீட்டரில் 10 மி.மீ. தள்ளிப் படும். 25 மீட்டரில் 25 மி.மீ. கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் குறியைத் திருத்தும் திருகின் ஒரு கிளிக் 10 மீட்டரில் 0.73 மி.மீ.தான் நகர்த்தும். அப்படியானால் ஒரு தலைமுடி கனத்துக்கு அழுக்கு இருந்தாலே ஏறக்குறைய 14 கிளிக் பறிபோகிறது.

அந்த அழுக்கு நம் கடலோரத்தில் தானாகவே சேரும். உப்புக்காற்றில் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கிறது, ஸ்கோப்பை ரைஃபிளோடு இணைக்கும் அலுமினிய மவுண்டின் பிடிப்பில் வெள்ளைப் பொடி படிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் ஒவ்வொரு முறை மாட்டுவதற்கு முன்பும் டோவ்டெயிலின் (மவுண்ட் மாட்டும், ரைஃபிளின் மேலுள்ள காடியின்) இரண்டு பக்கச் சரிவையும் மவுண்டின் உள்பக்கத்தையும் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துருவுக்குப் பயந்து பூசிய எண்ணெயும் அங்கே மிஞ்சக் கூடாது.

கழற்றும்போது ரிங்கின் மேல்மூடியைத் தொடவே கூடாது. மூடியைத் திறந்தால் ஸ்கோப் குழாய் உருளும், முன்னே பின்னே நகரும், குறுக்குக்கோடு சாயும். பிறகு ஜீரோவை (குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும் அமைப்பை) முதலிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஸ்கோப்பையும் மவுண்டையும் ஒன்றாகவே, அடியிலுள்ள பிடிப்பு ஸ்க்ரூவைத் தளர்த்தி எடுங்கள். இரண்டு தனி ரிங்கைவிட ஒரே கட்டையாக வரும் மவுண்ட் இதற்கு எவ்வளவோ மேல். விலை உயர்ந்த ஸ்கோப்புக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை மவுண்டுக்குத் திருப்புங்கள் என்றே சொல்வோம்.

அடுத்தது ஸ்டாப் பின், அதாவது மவுண்ட் வழுக்காமல் ரைஃபிளின் குழியில் இறங்கி நிற்கும் முள். அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். ஸ்பிரிங்கால் பாயும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடும் ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும். பிஸ்டன் முன்முனையில் போய் முட்டியதும் துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் பாயும். அந்த இரண்டாவது அதிர்ச்சிதான் கடுமையானது. துப்பாக்கி முன்னே போக, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் மவுண்ட் பின்பக்கமாக வழுக்கும். ஆகவே மவுண்டைப் பின்னால் தள்ளி, ஸ்டாப் பின் அதன் குழியில் முட்டி நிற்கும்போது இறுக்க வேண்டும். தோட்டா ரைஃபிளுக்கு இது நேர் எதிர். அங்கே உதை பின்னோக்கி மட்டும்தான் என்பதால், பிக்காட்டினி ரெயிலின் (குறுக்குக் காடிகள் வெட்டிய மவுண்ட் தண்டின்) காடியில் மவுண்டை முன்னே தள்ளி இறுக்குவார்கள். அந்த அறிவுரையைக் கேட்டுவிட்டு ஸ்பிரிங் ரைஃபிளில் முன்னே தள்ளி மாட்டினால், குழிக்கும் பின்னுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மவுண்ட் ஊர்ந்துகொண்டே போகும். குண்டு படும் இடமும் கூடவே மாறும். முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும் பி.சி.பி. ரைஃபிளில் உதை மிகக் குறைவு. அங்கே பெயிண்ட் மார்க்கரால் ரெயிலிலும் மவுண்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அதே கோட்டில் மாட்டினால் போதும்.

ஆலன் கீயால் ஆளாளுக்குக் கைக்கு வந்தபடி இறுக்குவது சரிவராது. முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை நிலையத்துக்கு வாங்குங்கள். மவுண்ட் தயாரிப்பாளர் சொன்ன அளவையே வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே அளவு. ரிங் மூடி ஸ்க்ரூக்களுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டியே சொல்லியிருப்பார்கள். அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி டரட்டே (குறியைத் திருத்தும் திருகே) சரியாக வேலை செய்யாது. பிடிப்பு ஸ்க்ரூக்களை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றி அரைச்சுற்றாக இறுக்குங்கள். மரையில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் பிடி கூடிவிடும்.

‘ரிட்டர்ன் டு ஜீரோ’ என்று விற்கும் விரைவு மவுண்டுகள் உண்டு. நல்லவை வாக்கைக் காப்பாற்றும், ஆனால் அதே ரைஃபிளில், அதே காடியில் மாட்டினால் மட்டும். ஒரு ஸ்கோப்பை மூன்று ரைஃபிளுக்கு மாற்றி மாற்றி மாட்டுகிறவர்களுக்கு அது உதவாது.

உங்கள் மவுண்ட் எப்படி என்று தெரிய வேண்டுமா? ஒரே டப்பா பெல்லட்டில், மூட்டைமேல் தாங்கி 5 குண்டு சுடுங்கள். கழற்றி மாட்டி இன்னொரு 5. இப்படி நான்கு முறை, ஒவ்வொன்றும் புது அட்டையில். ஒற்றைக் குண்டைப் பார்க்காமல் ஒவ்வொரு குரூப்பின் (ஓர் அட்டையில் பட்ட 5 குண்டுகளின் கூட்டத்தின்) நடுப்புள்ளியை அளந்து ஒப்பிடுங்கள். குரூப்பே 8 மி.மீ. விரிகிறது என்றால் நடுப்புள்ளி 2 மி.மீ. நகர்ந்ததில் ஒன்றும் இல்லை. 6 மி.மீ. நகர்ந்தால் மவுண்டைச் சந்தேகியுங்கள்.

அதற்கு முன் பாரலாக்ஸை, அதாவது கண் விலகினால் குறி மாறித் தெரிவதை, பார்த்துவிடுங்கள். 100 கெஜத்துக்கு நிலையாக அமைத்த ஸ்கோப்பை 10 மீட்டரில் வைத்தால், கண் சற்று விலகினாலே குறி பல மில்லிமீட்டர் மாறித் தெரியும். ரைஃபிளைத் தொடாமல் தலையை மட்டும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு அட்டையில் அலைந்தால், தவறு மவுண்டில் இல்லை.

பயிற்சிப் பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்து, ஸ்கோப் கழற்றிய தேதி, மாட்டியவர் பெயர், வைத்த டார்க் மூன்றையும் எழுதுங்கள். மாட்டிய நாளில் முதல் 5 பெல்லட் சரிபார்க்க மட்டுமே. அதை எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணிலும் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி ஏர் ரைஃபிள் ஆர்வலர்கள்