வயரிங்குக்குச் சதுர அடிக் கணக்கு சரிப்படாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக ஆள் வைத்து வீடு கட்டிய வாசகர் ஒருவர், இன்ஜினியருக்கு ஒரு ரேட், வீட்டுக்காரனுக்கு அதைவிடக் கூடின ரேட் என்று எலக்ட்ரீஷியன்கள் ஏமாற்றுகிறார்கள் என உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். தக்கலை, திங்கள்நகர், கருங்கல் பக்கம் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். இரண்டு ரேட் இருப்பது உண்மை. நானும் அப்படித்தான் கேட்கிறேன். ஏமாற்று என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

நம் மாவட்டத்தில் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பிளம்பர், டைல்ஸ்காரர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வீடு கட்டுகிறவர்கள் நிறைய. கட்டுகிறவர் வளைகுடாவில் இருப்பார். இங்கே மாமனாரோ மைத்துனரோ நின்று பார்ப்பார். இன்ஜினியருக்குக் கொடுப்பது மிச்சம் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் இன்ஜினியர் பார்த்துவந்த வேலையை யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆகவேண்டும்? பெரும்பாலும் அது எலக்ட்ரீஷியன் தலையில் விழுகிறது. கூரைக்கு கான்கிரீட் போடும் வார்ப்புக்கு முன்னாலும் நாங்கள் வேண்டும், பூச்சுக்கு முன்னாலும் வேண்டும், பெயின்ட் அடித்த பிறகும் வேண்டும்.

வார்ப்பு நாளை மட்டும் சொல்கிறேன். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் விழுவதற்குள் ஃபேன் மாட்டும் பாக்ஸ், பைப்புகள் வந்து சேரும் டீப் பாக்ஸ் எல்லாம் வைத்து, வயர் போகும் பைப்பை ஓட்டியாக வேண்டும். இன்ஜினியர் சைட் என்றால் இரண்டு நாள் முன்னாலேயே தகவல் வந்துவிடும். வீட்டுக்காரர் சைட்டில் ராத்திரி சாப்பிட உட்காரும்போது போன் வரும்: "அண்ணே, நாளைக்கு வெள்ளன வார்ப்பு, வந்திருங்க." வேறு சைட்டில் நிற்கும் ஆளைப் பிடுங்கிக்கொண்டு ஓடவேண்டும். பைப்பைக் கம்பியில் கட்டிவிட்டுத் திரும்பிவிடவும் முடியாது. சட்டி சுமக்கிறவர்கள் அதன்மேல்தான் மிதித்துப் போவார்கள். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஒரு தடவை பட்டால் போதும், ஜாயின்ட் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் சிமென்ட் பால் இறங்கி இறுகிப்போனால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து வயரைக் கட்டி இழுக்கும் ஸ்பிரிங்கைப் பைப்புக்குள் விடும்போதுதான் நடுவழியில் முட்டி நிற்கும். அப்புறம் சீலிங்கைக் கொத்த வேண்டும், இல்லையென்றால் சுவரைச் சுற்றி வேறு வழி பார்க்க வேண்டும். அதனால் கடைசிச் சட்டி விழும்வரை என் ஆள் ஒருவர் மேலேயே நிற்பார். விளக்கு, ஃபேன், பிளக் ஒவ்வொன்றையும் ஒரு பாயின்ட் என்று எண்ணுவோம்; அவருடைய அன்றைய சம்பளம் எந்தப் பாயின்ட் கணக்கிலும் வராது.

அடுத்தது மாற்றம். சுவர் வெட்டி, பைப் பதித்து, பூச்சும் முடிந்திருக்கும். வாஸ்து பார்க்கிறவர் வந்து கட்டிலின் தலைமாட்டை மாற்றச் சொல்லிவிட்டுப் போவார். உடனே துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வரும்: "அண்ணே, டூவே சுவிட்ச் இந்தப் பக்கம் வரணும், ஏசி பாயின்ட்டும் அதுக்குத் தக்கன மாத்தணும்." (ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைப்பதுதான் டூவே.) மாமியாரைக் கேட்டால் பழைய இடமே இருக்கட்டும் என்பார். யார் சொல்வதைக் கேட்பது? இன்ஜினியர் சைட்டில் பேச ஒரே ஆள்தான், மாற்றத்துக்குத் தனிக் கூலியும் உண்டு. இங்கே, "ஒரு பாயின்ட்தானே, அதுக்கும் காசா?" பூசிய சுவரை மறுபடி வெட்டி, பைப் இறக்கி, கொத்தனார் வந்து அடைக்கிறவரை அது ஒரு பாயின்ட் வேலை இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே நினைத்துக்கொண்டுதான் கூடுதலாக ஒரு ரேட் சொல்கிறோம். எதையும் மாற்றாத வீட்டுக்காரரும் அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாகிறது. இதில் மட்டும் அந்த வாசகரின் கோபம் நியாயம்.

இதற்கெல்லாம் வேர், பாயின்ட்டை எண்ணாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் சதுர அடிக் கணக்கு. 1,200 சதுர அடி வீடு ஒன்றில் 60 பாயின்ட் இருக்கும். அதே அளவு இன்னொரு வீட்டில் ஃபால்ஸ் சீலிங் விளக்கு, கேமரா, இன்வெர்ட்டர் லைன், அறைக்கு ஒரு ஏசி என்று 140 வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே கூலி என்றால் யாரோ ஒருவருக்கு நஷ்டம். அரசாங்கமே அப்படிக் கணக்குப் போடுவதில்லை. மத்திய பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் விளக்கு பாயின்ட்டுக்குத் தனி விலை, இரண்டு இடத்தில் சுவிட்ச் உள்ள விளக்குக்குத் தனி விலை, பவர் பிளக்குக்கும் எர்த்துக்கும் தனித்தனி விலை.

குறைந்த ரேட்டுக்கு ஒத்துக்கொள்கிறவர் எங்கே கை வைப்பார் என்றும் பாருங்கள். 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போக வேண்டிய இடத்தில் 1.5 போகும். ஏசிக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 போட்டு வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து தனி லைன் இழுக்காமல், பக்கத்துப் பிளக்கில் கோர்த்துவிடுவார்கள். வயர் ஜாயின்ட் பைப்புக்குள்ளேயே கிடக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டித்து உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி.; அதற்குப் பதில் வெறும் மெயின் சுவிட்ச் இருக்கும். எர்த் குழியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று துத்தநாகம் பூசிய சாதாரண ஜி.ஐ. இரும்புக் கம்பியையும் திருகாணியையும் சீக்கிரம் தின்றுவிடும். அங்கே எர்த்துக்குச் செம்பு கேட்டால், "இவன் பில்லை ஏத்துறான்" என்ற பேச்சுதான் கிடைக்கும். மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

நீங்களே நின்று கட்டுவதாக இருந்தால், கூலி பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறைக்கும் விளக்கு, ஃபேன், பிளக், ஏசி என்று எழுதி, கட்டிலும் பீரோவும் ஃபிரிட்ஜும் எங்கே வரும் என்று வரைந்து கொடுங்கள். அந்தத் தாளை மூன்று எலக்ட்ரீஷியனிடம் காட்டினால் மூன்று ரேட்டையும் ஒப்பிட முடியும். வெறுமனே "வீட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் முடியாது. வார்ப்பு முடிந்ததும் ஒரு பங்கு, பைப் பதித்து வயர் இழுத்ததும் ஒரு பங்கு, சுவிட்ச் மாட்டி எல்லாம் எரிந்த பிறகு மிச்சம் என்று பணத்தைப் பிரியுங்கள். பூச்சுக்குப் பிறகு வரும் மாற்றத்துக்கு என்ன கூலி என்பதையும் அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். வளைகுடாவில் இருப்பவர், இங்கே யார் சொன்னால் மாற்றலாம் என்று ஒரே ஒருவர் பெயரைச் சொல்லிவிடட்டும்.

கடைக் கமிஷனையும் மறைக்க வேண்டியதில்லை. பொருள் எடுக்கும் கடையில் கமிஷன் வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்துச் சொல்கிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். கூலி மலிவு என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார், பணம் வயர் விலையில் போய்க்கொண்டிருக்கும். நான் லிஸ்ட் மட்டும்தான் கொடுப்பேன். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ விலை விசாரித்து உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். வயர் வழக்கமாக 90 மீட்டர் காயிலாக வரும். பிரிக்காத காயில் மிஞ்சினால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் வாசகர்,
அழகியமண்டபம், கன்னியாகுமரி மாவட்டம்.