‘தோல்வி’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

செயலியில் மின்கட்டணம் கட்டும்போது திரையில் வருகிறது: “ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்.” ஆனால், பணம் பிடித்ததாக வங்கியின் குறுஞ்செய்தி வந்துவிட்டிருக்கும். திரையை நம்பி மறுபடி அழுத்தினால் இரண்டாம் முறையும் பணம் போகும். இதற்கு நெட்வொர்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு நிரலில் இருக்கிறது.

செயலியின் சர்வர் வங்கிக்குக் கோரிக்கை அனுப்பி, 30 நொடி காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதில் வராவிட்டால் டைம்அவுட் எக்செப்ஷன், அதாவது நேரம் கடந்துவிட்டது என்ற பிழை அறிவிப்பு, எழும். வங்கி பணத்தைப் பிடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். நிரலிலோ, பிழைகளைப் பிடித்துக் கையாளும் பகுதியான கேட்ச் பிளாக் ஒன்றே எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது. பின் நம்பர் தவறு, இருப்பு போதாது, டைம்அவுட் மூன்றுக்கும் ‘தோல்வி’ என்றே பெயர். முதல் இரண்டும் உறுதியான தோல்வி. மூன்றாவது, முடிவு தெரியாத நிலை. அதை ‘நிலுவை’ என்று பதிந்து, 5, 10, 20 நொடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே வங்கியிடம் நிலையைக் கேட்க வேண்டும். மறுபடி அனுப்ப நேர்ந்தால் முதல் கோரிக்கைக்குக் கொடுத்த அதே அடையாள எண்ணோடுதான் அனுப்ப வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் வங்கி இரண்டு முறை பணம் பிடிப்பதைத் தடுக்க முடியும். எண்ணை அனுப்பும் முன்பே தரவுத்தளத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால், இடையில் சர்வர் நின்றதும் அந்த எண்ணும் போய்விடும்.

பிழையைப் பிடித்து வேறு எக்செப்ஷனாக எறியும்போது மூலகாரணத்தையும் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால், சர்வர் நடப்பதை எழுதிவைக்கும் பதிவேடான லாகில் “பணம் செலுத்த முடியவில்லை” என்ற ஒற்றை வரிதான் மிஞ்சும். அதை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. காலியான கேட்ச் பிளாக்கில் அந்த வரிகூட மிஞ்சாது.

திரையில் வர வேண்டியது இப்படி: “ரூ.640 உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கலாம். மீண்டும் செலுத்த வேண்டாம். குறிப்பு எண் இது.” லாகிலும் அதே எண் இருக்க வேண்டும். பின் நம்பரோ முழுக் கணக்கு எண்ணோ லாகில் ஒருபோதும் கூடாது.

யுபிஐயில் கடைக்காரருக்குச் செலுத்திய பணம் கணக்கில் பிடிக்கப்பட்டு, உறுதிப்படுத்தல் சேராவிட்டால் 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ.100 தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. ‘தோல்வி’ என்று பதிந்து கோப்பை மூடிவிட்டால், திருப்ப வேண்டிய பணம் இருப்பதே செயலி நடத்துபவருக்குத் தெரியாது.

அரசுத் துறைகள் செயலிக்கு டெண்டர் விடும்போது, வங்கியின் பதிலை வேண்டுமென்றே 60 நொடி தாமதப்படுத்திச் சோதித்த அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும்.

– மென்பொருள் பொறியாளர், கோவை